ஒரு துளிக்குச் சுருங்கும் குழாய்

துகுமான், ஞாயிறு, 19 செப்டம்பர் 1971

அன்பு மகள் நோயெமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடும் அளவுக்கு நலமாக இருக்கிறோம், அங்கே தெற்குக் கோடியில் நீயும் ரியோ கயேகோஸ் காற்றில் பறந்துபோய்விடாமல் பாடம் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் போய்வந்து, வேளைக்குச் சாப்பிட்டு, கால் சூடாக உறங்கி எழுகிறாய் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா எழுதிய கடிதத்தில் வரிகள் ஏன் சரிந்து இறங்குகின்றன, ஒரு வரி ஏன் இன்னொரு வரிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, எதையோ மறைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். மறைத்தோம்தான். நான் அன்றே எழுதுகிறேன் என்றேன், உங்கப்பாதான் "அவ அங்க குளிர்ல தனியாக் கெடக்கா, நீ ஒண்ணும் எழுதாத"ன்னு தடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக் கொஞ்சம் தேறியதும் தானே உட்கார்ந்து கோணல்மாணலாக இரண்டு பக்கம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தார். முப்பது வருஷமாகப் பத்திரிகை ஆபீசில் ஈயத்தில் எழுத்துக் கோக்கிற மனிதருக்கு, மகள் வரியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றவில்லை. அவர் அறிவு அவ்வளவுதான். ஜூலை மாதம் உங்கப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலது கண்ணில் ரத்தம் கசிந்து, அந்தக் கண்ணின் கீழ்ப்பாதியில் பார்வை போய்விட்டது, இடது கண் முன்பே மங்கல் என்பது உனக்குத் தெரியும். மற்றபடி கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது, வாயும் நன்றாக இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிட்டேன், இனி நீ பதறாமல் மீதியைப் படிக்கலாம்.

நீ தெற்கே போன பிறகு எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தலைவர் டாக்டர் எவரிஸ்தோ லஸ்கானோவைப் பற்றி உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை, தபால்தலை ஒட்டி அனுப்பத் தகுந்த சரக்கு இல்லை என்பதால். இப்போது எழுத வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் அந்த மனிதரிடம் "சரிங்க டாக்டர், சொல்லுங்க டாக்டர்" என்றுதான் பேசுகிறேன், ஆனால் இது என் சமையலறை மேசை, என் பேனா, அதனால் இங்கே அவன் அவன்தான். இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தான், கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றைச் சுவரில் மாட்டி, கரும்புத் தோட்டம் எரிக்கிற மாதங்களில் ஊரெல்லாம் சாம்பல் பறக்கும்போது அதை மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைக்கச் சொல்கிறான். மத்தியானத்துக்கு மேல் ஊர் நடுவே பிளாசா சதுக்கத்தின் பக்கத்தில் நோயாளிகளையும் பார்க்கிறான், பட்டு டை, விரலில் ஒரு மோதிரம், பேசும்போது அந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே பேசுவான், எதிரே நிற்பவர் தலையில் அந்த மோதிரத்தால் குட்டுவதற்குத் தயாராவது போல.

நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும், எட்டு வயதில் ஒருநாள் வந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாயே, அதே வேலைதான், பத்தொன்பது வருஷம் ஆகிறது. எலியின் ரத்தக்குழாயை எடுத்து ரிப்பன் மாதிரி சுற்றி வெட்டி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டு, மேல்நுனியை நூலால் ஒரு நெம்புகோலில் கட்டிவிட்டால், குழாய் சுருங்கும்போது நெம்புகோல் முள் அசைந்து, கரி பூசிய தாள் சுற்றுகிற உருளையில் வெள்ளைக் கோடு கிழிக்கும். தண்ணீரில் ஒரு துளி நாரட்ரினலின் விட வேண்டியது, குழாய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியது. பயம் வந்தாலோ கோபம் வந்தாலோ உடம்பே ரத்தத்தில் கலந்துவிடுகிற ஹார்மோன் அது, குழாயைப் பிடித்து இறுக்கும். லஸ்கானோ வந்ததும் பாதி எலிகளுக்குச் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயில் வெள்ளிக் கிளிப் மாட்டிப் பிரஷர் ஏற வைத்தோம், மீதி எலிகளைச் சும்மா விட்டோம், இரண்டு வகைக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்ப்பதுதான் எட்டு மாதமாக என் வேலை. நல்ல எலியின் குழாய்க்கு ஒரு சின்னத் துளி விட்டால், தெருவில் யாரோ போகிறார்கள் என்று புரண்டு படுப்பது போல முள் லேசாக அசையும், அவ்வளவுதான். பிரஷர் எலியின் குழாய் அதே துளிக்கு வீட்டில் தீப்பிடித்தது போல எழுந்து நிற்கும். தண்ணீரை மாற்றிக் கழுவி விட்டால் நல்லது நாலு நிமிஷத்தில் தளர்ந்துவிடும், மற்றது கால்மணி நேரமானாலும் விடாது, பிடித்த பிடியில் நிற்கும். முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளச் சான்றிதழ் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் ஏற்கனவே முடிவு செய்துகொண்டு வந்திருந்தான், குழாயில் எந்த வித்தியாசமும் இல்லை, பிரஷர்காரன் ரத்தத்தில் ஹார்மோன் கூடுதலாக ஓடுகிறது, அதுதான் நோய், இதைப் புவனோஸ் ஐரெஸில் ஆகஸ்டு கடைசியில் நடக்கிற மாநாட்டில் பேசப்போகிறேன் என்று. "ஏம்மா நெலிதா, குழாய்னா குழாய்தான். சமையக்கட்டுல தண்ணிக் குழாய் இருக்குல்ல, அதுல பணக்காரன் வீட்டுக் குழாய் ஏழை வீட்டுக் குழாய்னு உண்டா" என்று மோதிரத்தைத் திருகினான். தாள்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, தன் கட்சிக்கு ஒத்துவருவதை இந்தப் பக்கமும் ஒத்துவராததை அந்தப் பக்கமும் வைத்தான். நாற்பத்து மூன்று தாளில் பதினொன்றுதான் இந்தப் பக்கம் வந்தது. மீதி முப்பத்திரண்டையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "இதெல்லாம் உன் கைக் கோளாறும்மா. நீ நூலை இழுத்துக் கட்டற. கோழி உரிக்கிற கை, என்ன பண்றது" என்றான். அவன் ஒரே ஒருநாள் தானே குழாய் கட்ட உட்கார்ந்தான், காலையில் மூன்று எலியை வீணாக்கிவிட்டு, வெளிச்சம் சரியில்லை என்று எழுந்து போனவன் இன்றுவரை அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நான் கூடையிலிருந்து முப்பத்திரண்டையும் எடுத்து, வார்னிஷ் பூசிக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேல் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

ஜூலையில் உங்கப்பாவுக்குச் சளி பிடித்தது. சாம்பல் காற்றும் குளிரும் சேர்ந்து மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, தூங்காமல் என்னையும் தூங்கவிடாமல் மூன்று நாள். நான்காம் நாள் மத்தியானம் என்னை அழைத்துப்போக ஆய்வக வாசலுக்கு வந்தவர், உள்ளேயிருந்து லஸ்கானோ வருவதைப் பார்த்து வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். உங்கப்பாவை உனக்குத் தெரியுமே, கழுத்தில் டை கட்டிய எவனைப் பார்த்தாலும் தொப்பி தானாகக் கழன்று கைக்கு வந்துவிடும், தபால்காரன் டை கட்டினால் அவனுக்கும் கழற்றுவார். அவன் நடைபாதையிலேயே நின்று நாடியைப் பிடித்துப் பார்த்து, ஒரு மூக்குச் சொட்டு மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி, "ஒரு நாளைக்கு நாலு தரம், ரெண்டு ரெண்டு சொட்டு" என்றான். உங்கப்பா பணிவாக, "எனக்கு பிரஷர் உண்டுங்க டாக்டர், அஞ்சு வருஷமா" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒன்றையாவது சொன்னாரே. அதற்கு அவன் சிரித்துக்கொண்டு, "மூக்கு எல்லாருக்கும் ஒரே மூக்குதான், கொழந்தைக்கே குடுக்கலாம்" என்றானாம். குழந்தைக்குக் கொடுக்கலாம்தான், குழந்தைக்குக் குழந்தையின் ரத்தக்குழாய் இருக்கிறது.

இப்போது என்னைப் பற்றிச் சொல்கிறேன். உங்கப்பா மருந்தை வாங்கிவந்து சமையலறை மேசைமேல் வைத்தார். எடுத்து லேபிளைப் படித்தேன். அந்த மருந்தின் பெயர் எனக்குத் தெரியும் நோயெமி. ஆய்வகத்தில் மூன்றாவது தட்டில் இருக்கிறது, நாரட்ரினலினுக்குச் சொந்தக்கார மருந்து, அதே வேலையைச் செய்வது, மூக்கில் விட்டால் அங்கே வீங்கிக் கிடக்கிற குழாயை இறுக்கி மூச்சுக்கு வழி விடும். மார்ச் மாதம் அதையும் தண்ணீரில் விட்டுப் பார்த்திருக்கிறேன், பிரஷர் எலியின் குழாய் அதற்கும் எப்படித் துள்ளி எழுந்தது என்று என் கண்ணால் பார்த்து என் கையால் தாளில் தேதி போட்டிருக்கிறேன். மாதக்கணக்கில் இதையே பார்த்தவள், அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, இது மூக்குக்குத்தானே, ரத்தத்தில் எவ்வளவு கலந்துவிடப் போகிறது, டாக்டர் படித்தவன், அவனுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அவனை ஒரு மடையன் என்று தினமும் மனசுக்குள் ஏசுகிறவள், அன்றைக்கு மட்டும் அவனைப் படித்தவன் என்று நம்பினேன். பாட்டிலைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, முதல் இரண்டு சொட்டை அவர் மூக்கில் விட்டது நான்தான். லஸ்கானோவை எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ அதில் ஒரு பங்கு எனக்கும் உண்டு, அதை நான் யாருக்கும் தள்ளிவிடப் போவதில்லை.

உங்கப்பாவின் புத்தி அதற்கு மேல். மூக்கு திறந்ததும் டாக்டருக்கு நன்றி காட்டுவதாக நினைத்து, நாலு தரம் என்றதை எட்டாக்கி, பத்தாக்கி, ஆபீசில் எழுத்துக் கோக்கிற மெஷின் பக்கத்தில் ஒரு பாட்டில் கோட்டுப் பையில் ஒரு பாட்டில் என்று வைத்துக்கொண்டு சளி போன பிறகும் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறி அடைத்து எம்பனாடா சுட்டு மேசையில் வைத்தேன், அத்தை ஒபேலியாவும் வந்திருந்தாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "நெலி, யாரோ தலைக்கு இரும்புத் தொப்பி மாட்டின மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் தட்டைப் பார்த்து, "இதுல ஏன் செவப்பா நூல் நூலா தொங்குது" என்றார். தட்டில் ஒன்றுமில்லை. உன் அத்தை எம்பனாடாவில் மிளகாய் கூடிவிட்டது என்றாள். அவள் மூளை அங்கேதான் போகும். எதிர்வீட்டு ரொசெண்டோவின் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டியில் இருந்தது உன் வயதுப் பெண், பிரஷர் பார்த்துவிட்டு நம்பாமல் இன்னொரு கையிலும் பார்த்தாள், இருநூற்று ஐம்பது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டாள். நான் அவர் கோட்டுப் பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தேன், அடியில் ஒரு விரல்கடை மருந்துதான் மிச்சம் இருந்தது. அவள் அதைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இத யாரும்மா இவருக்குக் குடுத்தது" என்றாள். நான்தான் என்றேன்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல் மூன்று நாள் பிழைப்பாரா, பேச்சு நிற்குமா, கை விழுமா என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தை தினமும் வந்தாள், தீர்த்தம் ஒரு கையில், உப்புக் கண்டம் ஒரு பொட்டலம் இன்னொரு கையில், ஆஸ்பத்திரிச் சாப்பாடு தன் தம்பிக்குச் சப்பென்று இருக்குமாம். பொட்டலத்தை வாங்கி வெளியே நாய்க்குப் போட்டேன், அதற்கு இன்றுவரை என்னோடு பேசவில்லை, நிம்மதி. நான்காம் நாள் கண் கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள், கண்ணின் கீழ்ப்பாதி இருட்டு, அது திரும்பாது என்றார்கள். உங்கப்பா அதைக் கேட்டு என்ன சொன்னார் தெரியுமா, "லஸ்கானோ டாக்டர்கிட்ட இதப் போய்ச் சொல்லாத நெலி, மனுஷன் சங்கடப்படுவாரு" என்றார். அன்றைக்கு அந்த மனிதர் படுத்திருந்த படுக்கையையே தூக்கிக் கவிழ்க்கலாமா என்று இருந்தது எனக்கு.

போய்ச் சொன்னேன். வேலைக்குத் திரும்பிய அன்றே அவன் அறைக்குப் போய், நீங்கள் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தில் என் வீட்டுக்காரருக்குப் பாதிக் கண் போய்விட்டது என்றேன். சங்கடப்படவில்லை. "உப்பு அதிகமா சாப்பிடற ஆளா இருப்பாரு. நாலு தரம்னா நாலு தரம் விடணும், பாட்டில் பாட்டிலா விட்டா நான் என்ன பண்றது" என்றான். நாலு தரம் என்பதிலேயே தப்பு இருக்கிறதே டாக்டர், பிரஷர்காரன் குழாய் நாலு சொட்டை நாற்பது சொட்டாக எடுத்துக்கொள்ளுமே, நான் தாள் தாளாகக் காட்டினேனே என்றேன். "உன் தாளப் பத்திதான் அன்னிக்கே சொல்லிட்டேனேம்மா" என்று சொல்லிவிட்டு டெலிபோனை எடுத்துக்கொண்டான். அவன் டெலிபோனில் யாரையும் கூப்பிடவில்லை, நான் போவதற்காகக் காதில் வைத்துக்கொண்டிருந்தான், எண் சுழற்றுகிற சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு மட்டமான நடிப்பு.

அலமாரியிலிருந்து முப்பத்திரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மறுநாள் மேல்மாடிக்குப் போனேன். அங்கே வேதியியல் பார்க்கிற டாக்டர் இர்மா பெர்லிங்கேரி இருக்கிறாரே, நீ பார்த்ததில்லை, ஐம்பத்தெட்டு வயது, ஒண்டிக்கட்டை, பேசுவதைவிட சிகரெட் பிடிப்பது அதிகம், இந்தக் கட்டிடத்தில் நான் மனசுக்குள் ஏசாத ஒரே ஆள். தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். கடைசித் தாளை வைத்துவிட்டு, "அவன் உன் கையக் குத்தம் சொல்றான். அப்ப உன் கை படாமப் பண்ணிருவோம்" என்றார். அந்த வியாழக்கிழமை டீன் முன்னால் லஸ்கானோ தன் மாநாட்டுப் பேச்சை ஒத்திகை பார்த்தான், பதினொரு தாளையும் திரையில் காட்டி, குழாயில் வித்தியாசம் இல்லை என்று முடித்தான், எல்லாரும் கைதட்டினார்கள். இர்மா எழுந்து, "புவனோஸ் ஐரெஸ்ல யாராவது எழுந்து கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி இங்கயே ஒரு சோதனை பண்ணிடலாமே டாக்டர். குழாய நான் கட்டறேன். எது எந்த எலின்னு எனக்கு மட்டும் தெரியும். தாள்ல நம்பர் மட்டும் இருக்கும். நெலிதா கோட்டைப் பாத்துப் பிரிக்கட்டும்" என்றார். டீன் சரி என்று தலையாட்டினார். லஸ்கானோ சிரித்தான். "பிரிக்கட்டுமே. பாதி சரியா வரும், பாதி தப்பா வரும், காசு சுண்டிப் போட்டாலும் அதானே" என்றான். முன்வரிசையில் நாலு பேர் அதற்கும் சிரித்தார்கள், அவன் இருமினால்கூடச் சிரிக்கிற நாலு பேர்.

பன்னிரண்டு எலி. இர்மா இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தானே கட்டினார், பழக்கமில்லாத கை, இரண்டு குழாய் கிழிந்துபோய்விட்டன, பத்துத் தாள்தான் தேறியது. திங்கட்கிழமை காலை டீன் அறையில், டீன், லஸ்கானோ, இர்மா மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டே பத்துத் தாளையும் மேசைமேல் பரப்பினேன். இர்மாவின் கட்டு தளர்வு, என் கோடுகள் மாதிரிச் சுத்தமாக இல்லை, அலை அலையாக இருந்தன. தோற்றால் இந்த வேலை போய்விடும், அது போகட்டும், உங்கப்பாவின் கண்ணுக்கு உப்புதான் காரணம் என்று ஆகிவிடும், அதுதான் எனக்குத் தாங்காது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கோடு எவ்வளவு உயரம் எழுகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்தத் துளிக்கு முதலில் அசைகிறது, கழுவிய பிறகு எவ்வளவு நேரம் விடாமல் நிற்கிறது என்று மட்டும் பார்த்தேன். வலது பக்கம் ஐந்து, இடது பக்கம் ஐந்து என்று பிரித்தேன். ஒன்பதாம் நம்பரில் மட்டும் சந்தேகம் இருந்தது, அதையும் சொல்லிவிட்டே பிரஷர் பக்கம் வைத்தேன். இர்மா பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தார். ஒன்பதாம் நம்பர் தப்பு, அது நல்ல எலி. மற்ற ஒன்பதும் சரி. அந்த ஒன்று ஏன் தப்பியது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, இர்மாவுக்கும் தெரியவில்லை. டீன் லஸ்கானோவைப் பார்த்தார். லஸ்கானோ மோதிரத்தைத் திருகவில்லை. "சுவாரஸ்யமா இருக்கு" என்றான். ஒரு மனிதனின் கண்ணைப் பிடுங்கிவிட்டு அவனுக்குச் சுவாரஸ்யமாக இருந்தது.

அவன் மாநாட்டுக்குப் போகமாட்டான், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருப்பான் என்று நான் நினைத்தேன் பார், இத்தனை வருஷம் கழித்தும் அந்த அளவுக்கு அப்பாவி நான். மறுநாளே என்னிடம் வந்து, "ஏம்மா, அந்தப் பழைய தாளெல்லாம் பத்திரமா இருக்கா" என்று குழைந்தான். இர்மா அதை எல்லாம் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தார், படம் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். எட்டு நாளில் பேச்சைத் தலைகீழாகத் திருப்பி எழுதினான். புவனோஸ் ஐரெஸ் போய், பிரஷர்காரர்களின் ரத்தக்குழாய் சின்னத் துளி ஹார்மோனுக்கே அளவுமீறிச் சுருங்குகிறது, விடவும் மறுக்கிறது, இதை நான் வெகுநாளாகவே சந்தேகித்து வந்தேன் என்று பேசினான். இர்மா அங்கே போயிருந்தார், திரும்பி வந்து எனக்கு ஒரு சிகரெட்டை நீட்டி, "உன் பேரச் சொல்லல, என் பேரச் சொல்லல, எலிக்கு மட்டும் நன்றி சொன்னான்" என்றார். நான் சிகரெட் பிடிப்பதில்லை, அன்றைக்குப் பிடித்தேன்.

உங்கப்பா இந்த மாதம் ஆரம்பத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார், பகல் ஷிப்டு மட்டும், வார இணைப்புப் பக்கங்கள் மட்டும். தலையைக் கீழே குனிந்து நல்ல பாதியால் படித்துப் படித்துக் கோக்கிறார், முன்னே மாதிரி வேகம் இல்லை. நான் சோதனை நடந்ததை, அவன் மாநாட்டில் பேசியதை எல்லாம் சூப் ஊற்றும்போது சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு உப்பில்லாத சூப்பைக் குடித்தார். கோபம் வரவேண்டிய மனிதருக்கு வராதபோது எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். நீங்கள் ஒரு மனிதனா, உங்கள் கண்ணை வைத்து அவன் பெயர் வாங்கிவிட்டான் என்று கத்திவிட்டேன். "கத்தினா உனக்கும் பிரஷர் ஏறும்" என்றார்.

போன வாரம் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, பத்திரிகையைத் தட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். லஸ்கானோவின் படம், அதே டை, நம் ஊர் மருத்துவரின் கண்டுபிடிப்பு என்று தலைப்பு. தள்ளி வைக்கப் போனேன். கடைசிப் பத்தியின் அடியில் இரண்டு வரி இருந்தது. "மேற்கண்ட பதிவுகள் அனைத்தையும் தன் கையால் எடுத்து, இந்த வித்தியாசத்தை முதலில் கண்டு சொன்னவர் ஆய்வகப் பணியாளர் நெலிதா அர்கன்யராஸ்." என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, நெலித என்று இருந்தது, அந்த இடம் அவர் கண்ணின் இருட்டுப் பாதியில் விழுந்திருக்கும். அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இது என்ன என்று கேட்டேன். "பத்தியில ரெண்டு வரி எடம் மீந்துச்சு" என்றார். பிழை திருத்துகிறவன் பார்க்கவில்லையா என்றேன். "அவன் பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு அனுப்பிச்சேன், பாத்த பின்னாடி ஒண்ணு கோத்தேன்" என்றார். முப்பது வருஷத்தில் எழுதிக் கொடுத்ததுக்கு மேல் ஒரு காற்புள்ளிகூடச் சேர்க்காதவர். ஃபோர்மன் ஐந்து நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான், தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு வந்தாராம். நான் உங்கப்பாவைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாமா என்று யோசித்தேன், பிறகு வேண்டாம், எல்லாமே உண்மைதான், இதையும் சேர்த்துப் படித்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை லஸ்கானோ என்னை அறைக்குக் கூப்பிட்டான். மேசைமேல் பத்திரிகை, அந்த இரண்டு வரிக்கடியில் சிவப்புக் கோடு. "ஏம்மா நெலிதா, இதுல ஒரு தப்பு வந்திருக்கே, பாத்தியா" என்றான். பார்த்தேன் டாக்டர், என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய்விட்டது, நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள், சரியாகப் போடச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றேன். டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். இந்தத் தடவை நான் நகரவில்லை, அவன் யாரையாவது கூப்பிடட்டும் என்று நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன் நோயெமி. கடைசியில் கீழே வைத்துவிட்டான்.

நீ அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் போய் பிரஷர் பார்த்து, எவ்வளவு என்று நம்பரோடு எழுத வேண்டும், நன்றாக இருக்கிறது என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்பாவின் ரத்தம் உனக்கும் ஓடுகிறது. பல் பிடுங்கப் போனாலும் மூக்கு அடைத்தாலும் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று முதலில் வாயைத் திறந்து சொல், எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவனாக இருந்தாலும் சொல், அவன் சிரித்தால் எழுந்து வேறு ஆளிடம் போ. பத்திரிகைத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன், அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன், செய்தி அப்படியே இருக்கிறது. அப்பா உனக்கு முத்தம் சொன்னார், தானே எழுதுகிறேன் என்றார், வேண்டாம் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். உடம்பில் வலுவும் மனதில் துணிவும் குறையாமல், உன்னை மதிக்கிற மனிதர்கள் சுற்றிலும் இருக்க, நீ நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும். கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார், நீயும் கொஞ்சம் பார்த்துக்கொள். டிசம்பர் விடுமுறைக்கு வரும் ரயில் எந்தத் தேதி என்று எழுது.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்
உன் அம்மா
நெலிதா அர்கன்யராஸ்